தெற்கே பிறந்து கிழக்கே நிலைத்த பலராம்

பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து, வேறொரு நகரத்தின் சட்டையை அணிந்து, அந்நகரத்தாரின் நினைவில் நிலைபெறும் ஆட்டக்காரர் என்ற வகையினர் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உலகக் கால்பந்தில் பெருகினர். அவ்வகையினரில் தமிழ் வாசகர் பெரிதும் அறிந்த பெயர், அர்ஜென்டினாவில் பிறந்து, கொலம்பியாவில் ஆடி, ஸ்பெயினில் புகழின் உச்சியைத் தொட்ட ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபனோ என்பதாகும். அதே தலைமுறைக்குச் சற்றுப் பின்னே, தமிழ்ப் பெற்றோருக்குச் செகந்திராபாத் பாளையப் பகுதியில் பிறந்து, இருபது வயதை ஒட்டிக் கல்கத்தாவுக்குப் பெயர்ந்து, இந்தியாவின் ஆசிய விளையாட்டுத் தங்கத்தில் பங்கேற்று, ஹூக்ளி ஆற்றங்கரை ஊரொன்றில் வாழ்ந்த துளசிதாஸ் பலராமின் பெயரோ தமிழ்நாட்டில் அரிதாகவே ஒலிக்கிறது. இந்தியக் கால்பந்தின் முப்பெரும் முன்கள ஆட்டக்காரர்களாக வரலாறு குறிக்கும் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரில் ஒருவர் தமிழ் வீட்டுப் பிள்ளை என்பது தமிழ் விளையாட்டு எழுத்தில் இதுவரை பெற்றிருக்கும் இடம் அதன் தகுதிக்கு மிகக் குறைவு.

பெயர்ச்சி என்பது எங்கும் ஒரே தன்மையுடையதன்று. டி ஸ்டெஃபனோவின் பெயர்ச்சி ஒப்பந்தம், விலை, வழக்கு, தீர்ப்பு ஆகியவற்றின் வழியே நடந்தது. பலராமின் பெயர்ச்சி நட்பு, வாக்குறுதி, உத்தியோகம் ஆகியவற்றின் வழியே நடந்தது. இவ்விரு முறைகளும் அவ்விருவரின் ஆட்ட வாழ்வை மட்டுமன்றி, ஆட்டத்துக்குப் பிந்தைய நீண்ட வாழ்வையும் தீர்மானித்தன என்பதால், முதலாவதைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொண்டால்தான் இரண்டாவதன் இயல்பு விளங்கும்.

1926 ஜூலை 4இல் புவனஸ் அயர்ஸ் நகரின் பராகாஸ் பகுதியில் பிறந்த டி ஸ்டெஃபனோ, 1945இல் ரிவர் பிளேட் கழகத்துக்காக முதல் ஆட்டம் ஆடி, இடையில் உராகான் கழகத்துக்கு இரவலாகச் சென்று திரும்பி, 1947இல் 27 கோல்களுடன் அர்ஜென்டினா லீக்கின் முதன்மைக் கோலாளராக உயர்ந்தார். லீக் என்பது பங்கேற்கும் கழகங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று ஆடி, சேர்த்த புள்ளிகளின் அடிப்படையில் முதலிடம் பெறும் போட்டி முறையாகும். 1948இல் அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் ஊதியத்துக்காகவும் ஒப்பந்த உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தபோது, உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய ஃபிஃபாவின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இயங்கிய கொலம்பிய லீக், ஆட்டக்காரரின் தாய்க்கழகத்துக்கு ஒரு காசும் செலுத்தாமல் ஆட்டக்காரருக்கு மட்டும் பெரும் ஊதியம் தர முன்வந்தது. 1949இல் டி ஸ்டெஃபனோ பொகோட்டாவின் மில்யோனாரியோஸ் கழகத்துக்குச் சென்றார். ‘எல் டொராடோ’, அதாவது பொன்னாடு, என்று அழைக்கப்பட்ட அந்தச் சில ஆண்டுக் காலம் 1951இன் லிமா உடன்பாட்டால் முடிவுக்கு வந்தது. அதன்படி அங்கே சென்றிருந்த வெளிநாட்டவர்கள் 1954 அக்டோபருக்குள் தத்தம் தாய்க்கழகங்களுக்குத் திரும்ப வேண்டும் என்றாயிற்று.

அந்த உடன்பாட்டின் இடைவெளிதான் கால்பந்து வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற உரிமைத் தகராறுக்கு வித்திட்டது. சட்டப்படி உரிமையுள்ள ரிவர் பிளேட்டிடம் பார்சிலோனா கழகமும், அப்போது அவரைத் தன்னிடம் வைத்திருந்த மில்யோனாரியோஸிடம் ரியல் மாட்ரிட் கழகமும் தனித்தனியே பேரம் முடித்தன. இரு கழகங்களும் நான்கு பருவங்களுக்கு அவரை மாறி மாறிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனம் 1953 செப்டம்பரில் தீர்ப்பளித்ததும், அதைப் பொறுக்க மாட்டாத பார்சிலோனா நிர்வாகம் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அன்று ஸ்பெயினை ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோவின் கை அதில் இருந்ததா என்ற வாதம் பார்சிலோனா அமைந்த கத்தலோனியாவில் இன்றும் ஓயவில்லை. அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை: 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள், அவ்வைந்து இறுதி ஆட்டங்களிலும் அவரது கோல், 1957இலும் 1959இலும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது. 2014 ஜூலை 7இல் மறைந்தபோது அவர் ரியல் மாட்ரிட்டின் கௌரவத் தலைவராக இருந்தார். அக்கழகத்தின் பயிற்சி வளாகத்திலுள்ள அரங்கம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இத்தகைய வழக்கும் தீர்ப்பும் இந்தியக் கால்பந்தில் அக்காலத்தில் எழவே வாய்ப்பில்லை, ஏனெனில் இங்கே ஆட்டக்காரர் எவரும் சட்டப்படி தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதிகளின்படி அனைவரும் அமெச்சூர்கள், அதாவது ஊதியம் பெறாமல் விருப்பத்துக்காக ஆடுபவர்கள். நடைமுறையிலோ, ரயில்வே, சுங்கத்துறை, துறைமுகம், போலீஸ், ராணுவம், ஆலை ஆகிய ஏதேனும் ஒன்றில் உத்தியோகமும், கழகத்தின் செலவில் தங்குமிடமும் உணவும், போக்குவரத்துப் படி என்ற பெயரில் கைக்குக் கை மாறும் சிறு தொகையும் சேர்ந்தே ஓர் ஆட்டக்காரரின் வாழ்வாதாரமாயின. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் விலை இல்லை. விலை இல்லாத இடத்தில் தாய்க்கழகத்துக்கு ஈடு இல்லை. முதுமையில் ஆட்டக்காரர் கழகத்திடம் கேட்டுப் பெறக்கூடிய உரிமையும் இல்லை.

வெளிநாடு என்ற சொல்லின் பொருளும் அக்காலத்தில் இன்றுள்ளதுபோல் இருக்கவில்லை. மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக் கடலோரத்தில் அமைந்த கூனிமேட்டிலிருந்து ஒருவர் கரையோரமாகத் தெற்கு நோக்கி நடந்தால், சில கல் தொலைவிலேயே பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட காலாப்பட்டு எல்லைக்குள் நுழைந்துவிடுவார். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரிப் பகுதிகள் இந்திய நிர்வாகத்துக்குள் வரும் வரை அது முறைப்படி அயல்நாடு. ஆனால் அங்கே மொழி ஒன்று, மீன் ஒன்று, உப்பு ஒன்று. மாறாக, சென்னை சென்ட்ரலில் ஏறி ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் கடந்து ஹௌராவில் இறங்கும் தென்னாட்டு இளைஞர் சட்டப்படி சொந்த நாட்டில்தான் இருப்பார் என்றாலும், பேச்சு, சோறு, மழை, செய்தித்தாளின் எழுத்து ஆகிய எதுவும் அவருக்குப் பழக்கமானதாக இராது. தென் அமெரிக்கர் ஒருவர் ஸ்பெயினுக்குப் போனபோதுகூடத் தாய்மொழியிலேயே பேசி வாழ முடிந்தது. செகந்திராபாத் தமிழருக்குக் கல்கத்தாவில் அந்த வசதியும் இல்லை. பலராமின் பெயர்ச்சியை நாடு கடந்த பெயர்ச்சிகளின் வரிசையில் வைத்து நோக்குவதற்கு இதுவே போதிய நியாயம்.

மைதானத்து நகரம்

கல்கத்தா ஏன் தென்னாட்டு ஆட்டக்காரர்களை ஈர்த்தது என்பதற்குப் பணம் மட்டுமே விடையாகாது. 1893இல் தோன்றிய இந்தியக் கால்பந்துச் சங்கமும், அது நடத்திய ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்னும் வெளியேற்று முறைப் போட்டியும், 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கும் அந்நகரத்தை நாட்டின் கால்பந்துத் தலைநகராக்கியிருந்தன. வெளியேற்று முறை என்பது ஒருமுறை தோற்ற அணி போட்டியிலிருந்தே விலகும் முறை. 1911 ஜூலை 29இல் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஷீல்டைக் கைப்பற்றியபோது, வெறுங்காலுடன் ஆடிய இந்தியர் பூட்ஸ் அணிந்த வெள்ளைப் படையினரை வெல்ல முடியும் என்று நாடு முழுவதும் பேசப்பட்டது. 1934இல் லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமாகிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1938 வரை ஐந்தாண்டுகள் அப்பட்டத்தைத் தக்கவைத்தது. அதன் வெற்றிக்குப் பின்னணியில் வங்கத்துக்கு வெளியிலிருந்து, குறிப்பாகத் தெற்கிலிருந்து, ஆட்டக்காரர்களைத் தேடிக் கொண்டுவந்த துணிவு இருந்தது. அக்கழகத்தின் முகமது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, செல்டிக் கழகத்துக்காகக் காலில் கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆடி அங்குள்ளோரை வியக்கவைத்து, வீட்டு ஏக்கத்தால் திரும்பினார் என்பது தனிக் கதை.

தெற்கு அக்காலத்தில் வறண்ட நிலமாக இருக்கவில்லை. பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி, 1937இல் பெங்களூரு முஸ்லிம்ஸ்; மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை மைசூர் 1946இலும் 1952இலும் வென்றது; ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையைக் கைப்பற்றியது. பெங்களூரு, செகந்திராபாத், குன்னூரை அடுத்த வெலிங்டன் என்ற ராணுவப் பாளையங்களின் வரைபடமும் தென்னாட்டுக் கால்பந்தின் வரைபடமும் பெரும்பாலும் ஒன்றே. மதராஸ் படையோடு சென்ற தமிழ்க் குடும்பங்கள் சமையல், தையல், தோல் வேலை, ரயில், கணக்கு எனப் பல தொழில்களில் அமர்ந்து அப்பாளையங்களில் தலைமுறைகளாக வாழ்ந்ததால், அங்கெல்லாம் பந்தைத் துரத்திய சிறுவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இருந்ததில் வியப்பில்லை.

நாட்டுப் பிரிவினைக்குப் பின், கிழக்கு வங்கத்திலிருந்து வந்து சேர்ந்த அகதிகளின் பாசத்துக்குரிய கழகமாகிய ஈஸ்ட் பெங்கால், அதன் செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹாவின் முயற்சியால், தெற்கை முறையாக நோக்கியது. 1949 முதல் சில ஆண்டுகள் அதன் முன்வரிசையில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டவர். வங்காளிகள் அவர்களைப் ‘பஞ்ச பாண்டவர்’ என்று அழைத்தனர். அக்கால ஆட்ட அமைப்பில் முன்வரிசையில் ஐவர் நின்றதால் அப்பெயர் இயல்பாகப் பொருந்திற்று. 1949இல் லீக், ஷீல்டு, ரோவர்ஸ் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்று, 1951 வரை ஷீல்டைத் தொடர்ந்து மூன்று முறை கைக்கொண்ட அந்த அணியைக் காண, சொந்த மண்ணை இழந்துவந்த மக்கள் மழையில் நனைந்தபடி மைதானத்தில் நின்றனர். மண் இழந்தவர்களின் பெருமிதத்தை மண் விட்டு வந்தவர்கள் தாங்கிய அந்தக் காட்சி, இந்திய விளையாட்டு வரலாற்றில் இதைவிட ஆழமான பொருளுடைய காட்சி உண்டா என்று கேட்கத் தூண்டுவது.

அம்முகுடாவிலிருந்து

துளசிதாஸ் பலராம் 1936 அக்டோபர் 4இல் செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் பிறந்தார். வறுமை மிகுந்த வீடு. புதிய பூட்ஸ் அவருக்கு எட்டாத பொருளாக இருந்தது. போலீசார் கழித்துப் போட்ட பழைய பூட்ஸை அறுத்துச் செருப்புத் தைப்பவர் ஒருவர் செய்துகொடுத்ததை அணிந்தே அவர் ஆடப் பழகினார் என்பது அவரே பிற்கால நேர்காணல்களில் விவரித்த செய்தி. ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளரும், பின்னர் இந்திய அணியின் பயிற்சியாளருமாகிய சையத் அப்துல் ரஹீம் இச்சிறுவனின் ஆட்டத்தைக் கண்டு தேர்வுக்கு அழைத்தபோது, நகரத்துக்குப் போய்வரச் சைக்கிள் வாடகைக்குக்கூடக் கையில் காசில்லை. அதையும் ரஹீமே கொடுத்தார். ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவராகிய ரஹீமின் பெருமை, ஆட்டக்காரரின் திறமையோடு அவர் வீட்டு அடுப்பின் நிலையையும் சேர்த்து அறிந்து செயல்பட்டதில் இருந்தது.

காலமும் ஒத்துழைத்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா தோற்றபின், பூட்ஸ் அணிவதைச் சம்மேளனம் கட்டாயமாக்கியது. வெறுங்கால் தலைமுறைக்கும் பூட்ஸ் தலைமுறைக்கும் இடைப்பட்ட வாசலில் நின்ற பலராம், முன்னதன் பந்துக் கட்டுப்பாட்டையும் பின்னதன் வலிமையையும் ஒருங்கே பெற்றார். இரு கால்களாலும் சமமாக ஆடியவர். இடது ஓரம், இடது உட்புறம், நடு முன்களம் என எங்கே நிறுத்தினாலும் பொருந்தியவர். கோல் எல்லைக்கருகில் காத்து நிற்காமல் பின்னே இறங்கிவந்து பந்தைப் பெற்று ஆட்டத்தைத் தாமே கட்டியெழுப்பியவர். 1950களில் ஹங்கேரியின் ஹிதேக்குட்டியும் மாட்ரிட்டில் டி ஸ்டெஃபனோவும் உலகுக்குக் காட்டிய, ‘பின்னிறங்கும் முன்கள ஆட்டக்காரர்’ என்ற வகையின் இந்திய வடிவம் என்று அவரைக் கருதுவது மிகையாகாது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இருபது வயதில் இடம்பெற்ற பலராம், இந்தியா நான்காமிடம் பெற்ற அந்தப் பயணத்தில் உலகத் தரத்தை நேரில் கண்டு திரும்பினார். அதே 1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பால் ஹைதராபாத் மாநிலம் வரைபடத்திலிருந்து மறைந்தது. ஆயினும் ஹைதராபாத் என்ற பெயரிலேயே ஆடிய அணி 1956-57 சந்தோஷ் கோப்பையை வென்றது, அவ்வணியில் பலராமும் இருந்தார். 1957இல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்துக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில், 1958-59இல், அதே சந்தோஷ் கோப்பையை வங்க அணியின் சட்டையில் வென்றார். டி ஸ்டெஃபனோ அர்ஜென்டினாவுக்கும், ஃபிஃபா ஏற்காத சில ஆட்டங்களில் கொலம்பியாவுக்கும், பின்னர் ஸ்பெயினுக்கும் ஆடியதைக் கால்பந்து விதிகள் அன்று தடுக்கவில்லை. மாநில எல்லைகளைக் கடந்து பலராம் ஆடியதும் அதை ஒத்ததே.

கல்கத்தாவின் கால்பந்துப் பருவம் மே மாதத்தில் தொடங்கி மழைக்காலம் முழுவதும் நீளும். தென்னாட்டின் கெட்டித் தரையில் பழகிய கால்கள் அந்தச் சேற்றில் முதலில் வழுக்கும். வங்காளி நண்பர்களின் வீட்டு மீன்சோற்றுக்கு நாக்கு பழக மாதங்கள் பிடிக்கும். பலராம் பழகினார். மைதானத்துக் கூடாரங்களில், அதாவது ராணுவத்துக்குச் சொந்தமான அப்பெரும் புல்வெளியில் ஒவ்வொரு கழகமும் அமைத்துக்கொண்ட அலுவலகக் கொட்டகைகளில், ஆட்டத்துக்குப் பின் மாலை நெடுநேரம் நீளும் பேச்சு அவரை நகரத்தின் பிள்ளையாக்கியது. 1958இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, 1960இல் மோகன் பகானுடன் பகிர்ந்துகொண்ட டூராண்ட் கோப்பை ஆகியவற்றைத் தொடர்ந்து, 1961இல் அவரது தலைமையில் ஈஸ்ட் பெங்கால் கல்கத்தா லீக்கை வென்றது. அவ்வாண்டு லீக்கில் மிகுதியான கோல்களை அடித்தவரும் அவரே. ஆறு பருவங்களில் அக்கழகத்துக்காக அவர் அடித்த கோல்கள் நூற்றைத் தாண்டும்.

ரோம், ஜகார்த்தா

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய மூன்று அணிகளோடு ஒரே பிரிவில் இந்தியா இடப்பட்டது. இதைவிடக் கடினமான பிரிவு அமைந்திருக்க முடியாது. லாக்விலா நகரில் ஹங்கேரிக்கு எதிராக நடந்த ஆட்டத்தில் 2-1 என்று இந்தியா தோற்றபோது, இந்தியாவின் கோலை அடித்தவர் பலராம். அந்த ஹங்கேரி அணிதான், பின்னாளில் ஐரோப்பாவின் தங்கப் பந்தை வென்ற ஃபுளோரியன் ஆல்பர்ட்டின் ஆட்டத்தோடு, அவ்வொலிம்பிக்கில் வெண்கலம் பெற்றது. பிரான்ஸுடன் 1-1 என்று சமன்; அந்தக் கோல் பி.கே. பானர்ஜியுடையது. தென் அமெரிக்க அணியாகிய பெருவிடம் 3-1 என்று தோற்ற கடைசி ஆட்டத்திலும் இந்தியாவின் ஒரே கோல் பலராமின் காலிலிருந்தே வந்தது. அடுத்த சுற்றுக்குச் செல்லாவிட்டாலும், ஐரோப்பாவின் இரு பெரும் அணிகளை ஒரு கோல் வேறுபாட்டுக்குள் நிறுத்திய அந்த வாரத்தை, 1956இன் நான்காமிடத்தைவிட உயர்ந்த சாதனையாகக் கருத இடமுண்டு. மெல்போர்னுக்குப் பல நாடுகள் வரவில்லை. ரோமில் அப்படிப்பட்ட சலுகை எதுவும் இருக்கவில்லை.

1962 ஆகஸ்டு, செப்டம்பரில் ஜகார்த்தாவில் நடந்த நான்காவது ஆசிய விளையாட்டு, ரஹீமின் கடைசிப் பெரும் போட்டி. அவர் உடலில் புற்றுநோய் அப்போதே பரவியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்ற இந்தியா, தாய்லாந்தை 4-1 என்றும், பானர்ஜியும் பலராமும் ஆளுக்கொரு கோல் அடித்த ஆட்டத்தில் ஜப்பானை 2-0 என்றும் வென்று அரையிறுதிக்கு வந்து, தென் வியட்நாமை 3-2 என்று கடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்க மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி வெளிப்படையாகக் கண்டித்திருந்ததால், செப்டம்பர் 4இல் செனாயன் அரங்கில் கூடிய ஏறத்தாழ ஒரு லட்சம் பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் நடு முன்களத்தில் நிறுத்தினார். பானர்ஜியும் ஜர்னைலும் அடித்த கோல்களால், தொடக்கத்தில் தோற்ற அதே தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் பெறவில்லை.

அந்த இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஹைதராபாத்தில் பிறந்து, 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனின் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் வளர்ந்து, 1955இலும் 1958இலும் அவ்வணிக்கு டூராண்ட் கோப்பையைப் பெற்றுத்தந்து, பின்னர் கல்கத்தாவின் மூன்று பெரும் கழகங்களுக்கும் ஆடியவர். ஆறடிக்கு மேல் உயர்ந்த அவரது நீண்ட கைகளை 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் தேடிவந்தது. ஒருவர் பந்தைத் தடுக்க, மற்றவர் முன்னே சென்று அதை நகர்த்த, செகந்திராபாத்-ஹைதராபாத் வட்டாரத்து இரு பிள்ளைகள் ஆசியாவை வென்ற அணியில் ஒன்றாக நின்றதைத் தமிழ்ப் பாடநூல் எதுவும் பெருமையோடு எடுத்துரைத்திருந்தால், பின்வந்த எத்தனையோ சிறுவர்களுக்கு அது ஊக்கமாயிருக்கும்.

ஆட்டம் நின்றபின்

1963இல் பலராம், வேலைப் பாதுகாப்பை நாடி, பெங்கால் நாக்பூர் ரயில்வே என்ற பழைய பெயரிலேயே ஆடிவந்த பி.என்.ஆர். அணிக்குச் சென்றார். ரயில்வே அணிகள் அன்று புறக்கணிக்கத்தக்கவை அல்ல, பி.கே. பானர்ஜியின் ஈஸ்டர்ன் ரயில்வே 1958இல் கல்கத்தா லீக்கையே வென்றிருந்தது, பானர்ஜி தம் வாழ்நாளில் பெருங்கழகம் எதற்கும் ஆடியதே இல்லை. ஆனால் பலராமுக்கு அந்தப் புதிய வாழ்வு நீடிக்கவில்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி உண்டாகும் புளூரசி என்னும் நோய் அவரைத் தாக்கியது. 27 வயதை ஒட்டிய காலத்தில், ஓர் ஆட்டக்காரரின் திறமை முதிர்ந்து கனியும் பருவத்தில், அவர் ஆட்டத்தை விட்டார். ரஹீமும் 1963 ஜூனில் மறைந்தார். ஒரே ஆண்டில் நிகழ்ந்த இவ்விரு இழப்புகளையும் இந்தியக் கால்பந்து இன்றுவரை ஈடுசெய்யவில்லை என்று கூறினால் எவரும் மறுக்க மாட்டார்கள்.

டி ஸ்டெஃபனோவுக்கும் பலராமுக்கும் இடையில் இன்னொரு ஒற்றுமையும் உண்டு. இருவரும் உலகக் கோப்பை இறுதிச்சுற்றில் ஆடியதில்லை. 1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து அர்ஜென்டினாவும் விலகியது, இந்தியாவும் விலகியது. 1954இல் அர்ஜென்டினா பங்கேற்கவில்லை. 1958க்கு ஸ்பெயின் தகுதி பெறவில்லை. 1962இல் சிலிக்குச் சென்ற டி ஸ்டெஃபனோ காயத்தால் களமிறங்கவில்லை. இந்தியாவோ 1950க்குப் பின் உலகக் கோப்பையின் வாசலைத் தட்டுவதையே நீண்ட காலம் நிறுத்திக்கொண்டது. ரஹீமின் அணி போன்ற ஓர் அணி கையில் இருந்தபோதே அவ்வாறு நிறுத்திக்கொண்டது வருத்தத்துக்குரிய முடிவு.

ஆனால் ஒற்றுமை அதோடு முடிகிறது. ஒப்பந்தமும் விலையும் வழக்கும் சூழ்ந்த டி ஸ்டெஃபனோவின் வாழ்வில் ஒவ்வொரு பெயர்ச்சியும் ஆவணமாயிற்று. அவரை விட்ட நாடும் பெற்ற நாடும் அவரைத் தமதென்று போட்டியிட்டுச் சொல்லின. அமெச்சூர் என்ற திரைக்குப் பின்னே நிகழ்ந்த பலராமின் பெயர்ச்சிக்கு அத்தகைய ஆவணமில்லை. அவர் ஊர் திரும்பவும் இல்லை. பஞ்ச பாண்டவரில் ஒருவராகிய அகமது கான், டி ஸ்டெஃபனோ பிறந்த அதே 1926இல் பிறந்தவர், ஆட்டம் முடிந்தபின் பெங்களூருக்குத் திரும்பி 2017இல் அங்கேயே மறைந்தார். பலராமோ மணம் புரியாமல், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், ஹூக்ளிக் கரையிலேயே தனித்து வாழ்ந்தார். பொகாரோவில் பயிற்சியாளராக வாழ்ந்த தங்கராஜ் 2008 நவம்பரில் அங்கே மறைந்தார். 1960 ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற சைமன் சுந்தரராஜின் பயிற்சியில் 1973இல் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்ற மாநிலம் கேரளம்; தமிழ்நாடு அக்கோப்பையை இன்றுவரை வென்றதில்லை. தெற்கே விளைந்த கால்பந்து அறிவு எத்திசைகளில் பயன்பட்டது என்பதை இவர்களின் பிற்கால முகவரிகளே காட்டிவிடுகின்றன.

அங்கீகாரத்திலும் இதே நிலைதான். 1961இல் அர்ஜுனா விருது தோன்றியபோது கால்பந்துக்காக முதலில் பானர்ஜியும், 1962இல் பலராமும், 1963இல் கோஸ்வாமியும் அதைப் பெற்றனர். தங்கராஜ் 1967இல் பெற்றார். அதுவரை முன்கள ஆட்டக்காரர் மூவரும் சமமாகவே நடத்தப்பட்டனர். பின்னர் கோஸ்வாமிக்கு 1983இலும் பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பலராமுக்கு அது வழங்கப்படவே இல்லை. அந்தப் புறக்கணிப்பின் வேதனையை அவர் மறைத்ததும் இல்லை. பத்ம விருதுக்குரிய பெயர்களை மாநில அரசுகளும் முன்மொழிவதே வழக்கம். பிறப்பால் ஹைதராபாத்துக்கும், அது மறைந்தபின் ஆந்திரத்துக்கும், 2014க்குப் பின் தெலங்கானாவுக்கும், ஆட்டத்தால் வங்கத்துக்கும், தாய்மொழியால் தமிழ்நாட்டுக்கும் உரியவராகிய ஒருவரை, உரிமை உள்ளவர்கள் பலராக இருந்தும், இறுதி வரை வலியுறுத்தி அதைப் பெற்றுத்தர எவராலும் இயலவில்லை. 2023 பிப்ரவரி 16இல் கொல்கத்தாவில் தமது 86ஆவது வயதில் பலராம் காலமானார். ஜகார்த்தாவின் முப்பெரும் முன்கள ஆட்டக்காரர்களில் மற்ற இருவரும் அவருக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 2020இல் மறைந்திருந்தனர்.